அனலாக் சிந்த், டிஜிட்டல் சிந்த்: பெயரைப் பார்க்காமல் காதால் ஒப்பிடுவது எப்படி

சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி, சுருக்கமாக சிந்த்) வாங்கக் கிளம்புகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்: மின்சுற்றில் நேரடியாக ஒலி அலையை எழுப்பும் அனலாக் வாங்கலாமா, எண்களால் கணக்குப் போட்டு அலையை உருவாக்கும் டிஜிட்டல் வாங்கலாமா? யாரைக் கேட்டாலும் "அனலாக் இதமா இருக்கும், டிஜிட்டல் வறட்சியா இருக்கும்" என்று பதில் வரும். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதமான ஒலி என்றாலே பலர் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அதன் ஆசிலேட்டர்களை, அதாவது மூல அலையை உருவாக்கும் பாகங்களை, சுருதி விலகாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு டிஜிட்டல் கடிகாரம், ஒலி எழுந்து அடங்கும் விதத்தை, அதாவது என்வலப்பை, கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் ப்ராசஸர். அலையின் மேல் அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் அனலாக்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் எல்லோரும் உருகுகிற அந்த அகலமான ஒலியில் பெரும்பங்கு அதன் கோரஸ் (சற்றே சுருதி விலகிய பிரதியை ஒலியோடு கலக்கும் எஃபெக்ட்) பட்டன்களுடையது. அவற்றை அணைத்துவிட்டுக் கேட்டால் கொஞ்சம் சாதாரணமான, ஒற்றை ஆசிலேட்டர் சிந்த் ஒன்று மிஞ்சும்.

அதனால் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். ஆசிலேட்டர், ஃபில்டர், எஃபெக்ட் என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்டால்தான் நீங்கள் விரும்புகிற ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.

ஒப்பிடுவதற்கு முன்

டிஜிட்டல் பக்கத்துக்குச் செலவே இல்லை. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் சிந்த்கள் மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. அனலாக் பக்கத்துக்கு ஏதாவது ஒன்றை இரவல் வாங்குங்கள். கோர்க் வோல்கா கீஸ் போன்ற சின்னப் பெட்டி போதும், பெரிங்கர் மாடல் டி கிடைத்தால் இன்னும் நல்லது. டெமோ வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். அதில் ரிவெர்ப் தாராளமாக இருக்கும், பதிவேற்றும்போது ஒலியும் சுருக்கப்பட்டிருக்கும், நாம் தேடுகிற வித்தியாசங்களில் பாதி அங்கேயே தொலைந்திருக்கும்.

இரண்டிலும் ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். ஒரே ஒரு ஆசிலேட்டர், சாடூத் (ரம்பப் பல் வடிவ) அலை, ஃபில்டர் முழுக்கத் திறந்த நிலை. கையால் வாசிக்காமல் ஒரே மிடி கிளிப்பை (எந்த நோட்டை எப்போது வாசிக்க வேண்டும் என்று சிந்த்துக்குச் சொல்லும் பதிவை) இரண்டுக்கும் அனுப்பிப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வாசிப்பில் வருகிற வித்தியாசத்தைச் சிந்த்தின் கணக்கில் எழுதிவிடுவோம். கேட்பதற்கு ஹெட்ஃபோன், லேப்டாப் ஸ்பீக்கரில் அடிநாதமே வராது.

அப்புறம் வால்யூம். பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்குச் சத்தமாகத் தெரியாது, நன்றாக இருப்பதாகத் தெரியும். மீட்டரைப் பார்த்து இரண்டையும் சமமாக வைத்துவிட்டு, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள். பார்த்துக்கொண்டே கேட்டால், பக்கவாட்டில் மரப்பலகை வைத்த சிந்த்துக்கு இரண்டு மதிப்பெண் கூடவே விழும்!

எதை வாசித்துக் கேட்பது

முதலில் நடு ஸ்தாயியில் ஒரு நோட்டை நீளமாகப் பிடியுங்கள். அநேகமாக வித்தியாசமே தெரியாது. ஏமாற்றமாக இருக்கும், பரவாயில்லை, இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். இன்றைய நல்ல மென்பொருளில் வருகிற ஒற்றை சாடூத்தும் அனலாக் சாடூத்தும் நடு ஸ்தாயியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது இரண்டு ஆசிலேட்டர்களைத் திறந்து, ஒன்றை 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே ஏற்றுங்கள். தம்புராவின் இரண்டு சாரணைத் தந்திகள் மயிரிழை விலகி நிற்கும்போது ஓர் அலை எழுந்து அடங்குமே, அதே சங்கதிதான் இங்கேயும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது. 220 ஹெர்ட்ஸில் 5 சென்ட் விலகினால் விநாடிக்கு சுமார் 0.64 விம்மல், அதாவது ஒன்றரை விநாடிக்கு ஒன்று. டிஜிட்டலில் இது முதல் நிமிடம் எப்படி இருந்ததோ பத்தாவது நிமிடமும் அப்படியே இருக்கும். மின்னழுத்தத்தால் சுருதி மாறுகிற அசல் அனலாக் ஆசிலேட்டர்களில் இரண்டும் தனித்தனியாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருப்பதால் விம்மலின் வேகமும் நிலையாக இருக்காது. 1978-இல் வந்த புரொஃபெட்-5-இல் ஐந்து வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஐந்து நோட்), வாய்ஸுக்கு இரண்டு ஆசிலேட்டர், ஆகப் பத்து. ஒரு கார்டு (பல நோட் ஒன்றாக) பிடித்தால் இந்தப் பத்தும் ஆளுக்கொரு பக்கம் துளித்துளியாக நகரும். அனலாக்கின் நல்ல பெயரில் பாதி இந்தச் சின்னக் கட்டுப்பாடின்மையால் வந்தது என்பது என் கருத்து. இதையே டிஜிட்டலிலும் வரவழைக்கலாம், சர்ஜ் எக்ஸ்டியில் ஆசிலேட்டர் டிரிஃப்ட் என்றே ஒரு ஸ்லைடர் இருக்கிறது. அதைக் கொஞ்சமாக ஏற்றி, மறுபடி நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

ஒரே நோட்டை எட்டு முறை ஒரே மாதிரி அடிக்க வைப்பது அடுத்த சோதனை. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அனலாக்கில் ஒவ்வொரு அடியும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கியிருக்கும், ஏனென்றால் கீயை அழுத்தாதபோதும் ஆசிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பல டிஜிட்டல் சிந்த்கள் ஒவ்வொரு முறையும் அலையை முதலிலிருந்து தொடங்கும். பேஸ் நோட்டுகளில் இது நன்றாகத் தெரியும், எட்டு அடியும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக வரும். டெக்னோவுக்கு அதுதான் வேண்டும் என்பவர்களும் உண்டு, அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். வைட்டலில் தொடக்க இடத்தைத் தாறுமாறாக்கவும் வசதி இருக்கிறது.

டிஜிட்டல் உண்மையிலேயே சறுக்கக்கூடிய இடம் மேல் ஸ்தாயி. 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது அலையை விநாடிக்கு 44,100 எண்களாக எழுதும்போது, 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ள இடமில்லை. கவனமில்லாமல் உருவாக்கிய அலையில் அதற்கு மேல் போகிற ஹார்மோனிக்ஸ் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) மறைந்துவிடாது, மடிந்து கீழே வந்து விழும். 2,000 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் 23-ஆவது ஹார்மோனிக் 46,000 ஹெர்ட்ஸ். அது 1,900-இல் வந்து விழுகிறது, வாசிக்கிற சுரத்துக்கும் கீழே, அதோடு ஒட்டாமல். இதன் பெயர் அலையாஸிங். காதைப் பழக்கச் சுலபமான வழி ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள். அதில் சிர்ப் (சுருதி ஏறிக்கொண்டே போகும் ஒலி) உருவாக்கும் வசதியில் சாதாரண சதுர அலை, அலையாஸ் இல்லாத சதுர அலை என்று இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் 440-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை ஏற விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். முதலாவதில் சுரம் மேலே ஏற ஏற, கூடவே சில விசில்கள் கீழே இறங்குவது கேட்கும். எந்த அதிர்வெண் எப்போது ஒலிக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் போட்டால் குறுக்குக் கோடுகளாகக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு முறை பிடிபட்டுவிட்டால், பழைய மென்பொருள் சிந்த்களில் மேல் நோட்டுகள் ஏன் கண்ணாடியைக் கீறுவது போல இருந்தன என்பது விளங்கிவிடும். புதியவற்றில் இது பெரும்பாலும் சரிசெய்யப்பட்டுவிட்டது. வைட்டலில் ஓவர்சாம்ப்ளிங்கை (உள்ளே இன்னும் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்குப் போடுவதை) ஏற்றினால் இன்னும் குறையும், கணினி கொஞ்சம் திணறும், அவ்வளவுதான்.

ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம் கட்ஆஃப், அந்த இடத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது ரெசனன்ஸ். ஃபில்டரைச் சோதிக்க ரெசனன்ஸை முக்கால் பங்கு ஏற்றிக்கொண்டு கட்ஆஃபை மெதுவாக மூடுங்கள். 1970-இல் வந்த மினிமூக் என்ற அனலாக் சிந்த்தின் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும், அதில் ரெசனன்ஸ் ஏற ஏற அடிநாதம் இளைக்கும். அந்த வகை ஃபில்டரைப் போலிசெய்யும் டிஜிட்டலிலும் அந்த இளைப்பு வருகிறதா பாருங்கள். பிறகு ஆசிலேட்டர்களின் அளவை முழுக்க ஏற்றி ஃபில்டருக்குள் திணியுங்கள். நல்ல அனலாக் ஃபில்டர் படிப்படியாகக் கசங்கும், சுமாரான டிஜிட்டல் ஒரு அளவுவரை ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கும். நாப்பைத் திருப்பும்போது ஒலி படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கேட்டால், அது 0 முதல் 127 வரை உள்ள மிடி எண்களின் வேலை. இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், நினைவகம் உள்ள அனலாக் சிந்த்கள் பலவும் நாப்பை எண்ணாக மாற்றித்தான் படிக்கின்றன.

டிஜிட்டலை அதன் சொந்த ஆட்டத்தில் கேளுங்கள்

இதுவரை செய்த சோதனை எல்லாமே டிஜிட்டலுக்கு அனலாக் வேஷம் கட்டிப் பார்த்தது. அது நியாயமில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த எஃப்எம் முறையை (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்துப் புது ஒலி உருவாக்குவது) யமஹா உரிமம் வாங்கி, 1983-இல் டிஎக்ஸ்7 ஆக விற்றது. ஆறு ஆபரேட்டர் (ஆசிலேட்டர் போன்ற அலை மூலம்), அவற்றை இணைக்க 32 அல்காரிதம், 16 நோட் ஒரே நேரத்தில். அன்றைய அனலாக் பெட்டிகளில் பெரும்பாலும் ஐந்தோ ஆறோ எட்டோதான். அதில் ஃபில்டரே கிடையாது, எஃபெக்டும் கிடையாது, குளிர்ந்த ஒலி என்ற பெயர் வந்ததில் இதற்கும் பங்குண்டு.

டிஎக்ஸ்7-ஐப் போலிசெய்யும் டெக்ஸ்டைத் திறந்து இரண்டு ஆபரேட்டர்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றப்படுவதன் அதிர்வெண் விகிதம் 1, மாற்றுவதன் அதிர்வெண் விகிதம் 1.4. மணியோசை வரும். அடிப்படை 200 ஹெர்ட்ஸ் என்றால் மேலே 480, 760 என்றும், கீழே இறங்கியவை பூஜ்யத்தைத் தாண்டி மடிந்து 80, 360 என்றும் முழு எண் மடங்காக அமையாத ஒலிகள் சேர்ந்து வருவதால்தான் அது உலோகம் போலக் கேட்கிறது. இப்போது மாற்றும் ஆபரேட்டரை வெலாசிட்டியோடு (கீயை அடிக்கும் வேகத்தோடு) இணைத்து, ஒரு முறை மெல்லத் தொட்டும் ஒரு முறை ஓங்கி அடித்தும் பாருங்கள். சத்தம் மட்டும் கூடாது, ஒலியின் குணமே மாறும். இதே விளையாட்டை இரண்டு அனலாக் ஆசிலேட்டர்களை வைத்தும் ஆடலாம், ஆனால் விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலும் மணி கெட்டுவிடும். 80-களின் மெல்லிசைப் பாட்டுகளில் வருகிற அந்தப் பளிங்கு எலெக்ட்ரிக் பியானோவை மினிமூகில் செய்து காட்டச் சொன்னால் அதுதான் திணறும்.

வாங்கும்போது

அசல் அனலாக் ஆசிலேட்டரின் சுருதியைத் தீர்மானிக்கும் டிரான்சிஸ்டர் வெப்பத்துக்கு அசையும். திருத்தம் எதுவும் செய்யாவிட்டால் ஆக்டேவின் அகலமே ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.3 சதவீதம் பிசகும். அதற்கு ஈடுகட்டும் பாகங்களை எல்லோரும் வைக்கிறார்கள், முழுக்க ஈடாவதில்லை. ஏப்ரல் மாதம் மதுரையில் மின்விசிறிக்குக் கீழே சுருதி சேர்த்துவிட்டு ஏசி அறையில் போய்ப் பதிவு செய்தால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். போட்டு அரை மணி நேரம் கழித்துச் சுருதி பாருங்கள், தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாதஸ்வரமோ ஆர்மோனியமோ கூட வாசிக்கிற மேடைக்கு என்றால் நான் யோசிக்காமல் டிஜிட்டல்தான் சொல்வேன்.

தனி பேஸ், லீட், நாப்பைப் பிடித்துத் திருகி விளையாடுவது என்றால் அனலாக். மணி, எலெக்ட்ரிக் பியானோ, மெல்ல உருமாறும் விசித்திர ஒலிகள், நிறைய நோட் ஒரே நேரத்தில் என்றால் டிஜிட்டல். இரண்டும் கெட்டான் என்று ஒதுக்கப்படுகிற கலவைப் பெட்டிகளையும் தவற விடாதீர்கள். ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக்கில் டிஜிட்டல் ஆசிலேட்டர், அனலாக் ஃபில்டர். கோர்க் மினிலாக் எக்ஸ்டியில் வாய்ஸுக்கு இரண்டு அனலாக் ஆசிலேட்டரோடு ஒரு டிஜிட்டலும் உண்டு. முதல் சிந்த் வாங்குபவருக்கு நான் காட்டுவது இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான், மேலே சொன்ன சோதனைகளில் பாதியை ஒரே பெட்டியில் செய்துவிடலாம்.

பழைய ஜூனோ-106 ஆசை விடவில்லையா? சரி. பணம் கொடுப்பதற்கு முன் கோரஸை அணைத்துவிட்டு ஒவ்வொரு நோட்டையும் பல முறை அழுத்திக் கேளுங்கள். ஆறு வாய்ஸில் ஒன்றில் மட்டும் கரகரப்பு வந்தாலோ, ஒலியே வராமல் போனாலோ, அதன் வாய்ஸ் சிப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த மாடலில் அடிக்கடி போகிற பாகம் அது. மாற்றுச் சிப் கிடைக்கிறது, அதை மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.