முள்ளந்தண்டு ஊசி நாளில் பிள்ளைக்கு மயக்க மருந்து: நிறை, பட்டினி, பஸ் பயணம்

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளைக்கு இரண்டு, மூன்று வருடத்துக்குள் பதினைந்து, இருபது தடவை முள்ளந்தண்டில் ஊசி போட வேண்டிவரலாம். இறால்போல வளைத்துப் பிடிக்கும் அந்தச் சில நிமிடம் பிள்ளை அசையக்கூடாது. அசைந்தால் ஊசி நாளத்தில் பட்டு இரத்தம் கலக்கும். நோய் பிடிபட்ட புதிதில் அந்த இரத்தத்தோடு புற்றுக்கலங்களும் முள்ளந்தண்டு நீருக்குள் போய்விடலாம். அதனால் முதல் ஊசிக்கே நல்ல மயக்கம் வேண்டும்.

அளவை முடிவெடுப்பது வைத்தியர். ஆனால் கணக்கு எப்படி வருகிறது என்று பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாளத்தால் ஏற்றும் கெற்றமின் என்ற மயக்க மருந்து கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். தூக்கம் வரவைக்கும் மிடசோலம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு அதில் பாதி. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறைப்பார்கள்.

எல்லாம் நிறையில்தான் தங்கியிருக்கிறது. ஸ்டீரொய்ட் குடிக்கும் மாதத்தில் 18 கிலோப் பிள்ளை 21 ஆகும், பிறகு வாந்தியெடுத்து 16க்கு இறங்கும். பழைய 21ஐ வைத்து மருந்து ஏற்றினால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடிவிடும். ஆகவே அன்று காலை செருப்பைக் கழற்றி நிறை பார்த்து, அந்த எண் எழுதப்பட்டதா என்று பாருங்கள்.

நிறை மாறாவிட்டாலும் அளவு மாறும். அடிக்கடி மிடசோலம் எடுத்த உடம்பு அதற்குப் பழகிவிடும். போன தடவை போதுமாயிருந்தது இந்தத் தடவை போதாமல் போகலாம். பங்கசுத் தொற்றுக்கு இட்ராகொனசோல், வொரிகொனசோல் மருந்து எடுத்தால் நேர்மாறு: ஈரல் மிடசோலத்தை மெதுவாகவே கழிக்கும், பிள்ளை நெடுநேரம் எழும்பாது. ஒரு கொப்பியில் திகதி, நிறை, கொடுத்த மருந்தும் அளவும், எத்தனை நிமிடம் தூங்கியது, வாந்தியா, எழும்பும்போது கத்தியதா என்று தாதியிடம் கேட்டு எழுதி வையுங்கள். கிளிநொச்சியில் ஒருவர், தெல்லிப்பழையில் ஒருவர், மஹரகமவில் இன்னொருவர் என்று வைத்தியர் மாறினாலும் கொப்பி மாறாது.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்க வேண்டாம். மயக்கத்தில் குரல்வளை இறுகிவிடலாம். புதிதாக நோய் கண்ட பிள்ளைக்கு மல்லாந்து படுக்க மூச்சு முட்டினால் மருந்து ஏற்ற முன்னரே சொல்லுங்கள். நெஞ்சுக்குள் கட்டி இருந்தால் மயக்கத்தில் மூச்சுக்குழாய் நசுங்கலாம்.

இனிப் பட்டினி. காலை 8.30க்கு ஊசி என்றால் சோறு, பாண், பால்மா, கஞ்சி எல்லாம் அதிகாலை 2.30 உடன் சரி. தாய்ப்பால் 4.30 வரை. தண்ணீரும் பால் விடாத பிளேன்ரீயும் 6.30 வரை கொடுக்கலாம். முல்லைத்தீவிலிருந்து இருட்டில் பஸ் ஏறுகிறவர்கள் பலர் பயத்தில் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். வன்னி வெயிலில் பிள்ளை காய்ந்துபோய் நாளம் அகப்படாது, நாலைந்து இடத்தில் குத்த வேண்டிவரும். பரந்தன் தாண்டியும் நேரம் இருந்தால் சிறு போத்தலில் கொடுங்கள். வழியில் பிஸ்கட் தின்றிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், ஊசியைப் பிந்திப் போடலாம். மயக்கத்தில் வரும் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பயணத்தில் தூங்கட்டும் என்று பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜி மருந்தைக் கொடுக்கவே கூடாது. அதுவும் மயக்க மருந்தோடு சேரும்.

தோலை மரக்கச் செய்யும் எம்லா களிம்பு பூசுவதென்றால் ஊசிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் பூசி மூட வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் பூசிப் பயனில்லை.

கெற்றமின் தெளியும்போது கண் ஆடும், எச்சில் வழியும். பக்கவாட்டில் படுக்க வைத்து, உலுக்காமல், சத்தம் போடாமல் இருங்கள். தானாக எழும்பி, பேசி, குடித்த தண்ணீர் வயிற்றில் நின்ற பிறகே புறப்படலாம்.

திரும்பும் பஸ்ஸில்தான் கவனம் வேண்டும். இருந்தபடி தூங்கும் பிள்ளையின் நாடி (தாடை) நெஞ்சில் விழுந்தால் மூச்சுவழி அடைபடும். மடியில் சாய்த்து, கழுத்தை நேராகத் தாங்கிப் பிடியுங்கள். முன்னிருத்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோக வேண்டாம். உதடு நீலித்தால், மூச்சுக்கு விலா உள்ளிழுத்தால், தட்டியும் எழும்பாவிட்டால் பஸ்ஸை நிறுத்தி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போங்கள். அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.