நாற்சார் வீடு கட்டுகிறோம் என்று செய்யும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சிலர் இப்போது, நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தையும் அறைகளும் கொண்ட வீட்டை நினைத்து, "எங்கட பழைய நாற்சார் வீடு மாதிரி வேணும்" என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பழைய வீட்டின் தோற்றம் வந்துவிடுகிறது, அது வெக்கையையும் மழையையும் சமாளித்த விதம் விடுபட்டுப் போகிறது.

பெரிய பிழை முற்றத்தில்தான். நடுவில் வெளி விட்டு, தூண் நிறுத்தி, பிறகு மழைக்கும் கள்ளருக்கும் பயந்து மேலே கண்ணாடி போட்டு மூடிவிடுகிறார்கள். திறந்த முற்றத்தில் சூடான காற்று மேலேறிப் போய்விடும். விறாந்தை நிழலில் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். மூடினால் வெயில் உள்ளே இறங்கும், சூடு வெளியேறாது. மத்தியானத்தில் வீட்டு நடுவே அடுப்பெரிவது போலிருக்கும். கள்ளர் பயத்துக்கு இரும்புக் கம்பி போதும். மழைக்கு, தாழ்வாரத்தை நன்றாக வெளியே இறக்குங்கள். முற்றத்தின் தளம் விறாந்தையை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழும், அதனால் வெளியேறும் கானில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் அருமை தெரியும்.

காணி சின்னன், முற்றத்துக்கு இடமில்லை என்பார்கள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடும் நகரத்துக் காணியில்தான் எழுந்தது. நடு முற்றத்தைச் சுற்றி அறைகளை வைத்து, அங்கிருந்தே காற்றையும் வெளிச்சத்தையும் எடுத்தார்.

வடக்கு யன்னலுக்கு நிழல் தேவையில்லை என்று நினைப்பதும் பிழை. ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை எங்கள் உச்சிவெயில் வடக்குப் பக்கமாகத்தான் சாயும். சோளகம் வீசுவதும் ஏறக்குறைய அதே காலம். அந்தக் காற்று வரும் தென்மேற்கில் குளியலறையை வைத்து அடைத்துவிட்டு, பிறகு ஏசி வாங்குகிறோம்.

திண்ணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதி பார்த்துச் சிலரைத் திண்ணைக்கு உள்ளே விடாத வீடுகளும் இங்கே இருந்தன. அதையும் மரபு என்று கொண்டாட முடியாது. திண்ணை கட்டுங்கள், யார் வந்தாலும் இருக்கட்டும். முன்னால் ஆளுயர மதில் எழுப்பினால் வீதியில் போகிறவருக்குத் திண்ணை இருப்பதே தெரியாது.

கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கொங்கிறீற் குழைக்காதீர்கள். உப்பு உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சில வருடங்களில் வெடிப்பு வரும். காசு போனாலும் நல்ல தண்ணீர் பவுசரில் எடுப்பியுங்கள்.

கடைசியாக, வளவு முழுக்கக் கல் பதிக்காதீர்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல் இடுக்குகளில் தேங்கித்தான் கிணறுகளுக்கு வருகிறது. வாகனம் வந்து போகும் வழிக்கு மட்டும் கல் போட்டு, மிச்சத்தை மண்ணாக விடுங்கள். கூரைத் தண்ணீரையும் வீதிக் கானுக்கு அனுப்பாமல் அந்த மண்ணுக்கே திருப்பிவிடலாம்.