பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

போன மாதம் அக்கா மகன் தேசிய சேவையை (சிங்கப்பூரில் ஆண்களுக்குக் கட்டாயமான சேவை) முடித்துவிட்டு வந்து, "மாமா, எனக்கு பைலட் ஆகணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். ஈசூனில் அவர்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். நான் துணை விமானியாக வேலை பார்க்கிறேன். முதல் தடவை நேர்முகத் தேர்வில் தோற்று, இரண்டாம் தடவைதான் உள்ளே போனேன். அதனால் அவனிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத தம்பி தங்கைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

படி 1: உடம்பு ஒத்துழைக்குமா?

விண்ணப்பம், சுயவிவரம் எல்லாம் அப்புறம். முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று பலரும் பயப்படுகிறார்கள், அது தேவையில்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 (நல்ல கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரண்டு கண்ணையும் சேர்த்து 6/6 பார்வை வந்தால் போதும் என்பதுதான் அனைத்துலக அளவுகோல். பல பேரை நிறுத்துவது நிறப்பார்வை. சிவப்பும் பச்சையும் கலந்த புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் குறை பெரும்பாலும் அம்மா வழியாக மகனுக்கு வருகிறது. தாய்மாமாவுக்கோ அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கோ அது இருந்தால் உங்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் இருந்தே தீரும் என்றில்லை. சந்தேகம் இருந்தால் விமானத் துறைச் சோதனைக்குப் போவதற்கு முன்பே பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். நான்கு வருடம் கனவு கண்டுவிட்டுக் கடைசியில் இது தெரியவந்து உடைந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: எந்த வாசல்?

உள்ளே போக இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று கேடட் பைலட் திட்டம்: உரிமம் எதுவும் இல்லாமல் போகிறீர்கள், நிறுவனம் பயிற்சி தருகிறது, பதிலுக்குப் பல வருடம் அங்கேயே வேலை செய்வதாக ஒப்பந்தம் போடுகிறீர்கள். இன்னொன்று, சொந்தச் செலவில் வணிக விமானி உரிமம் எடுத்துக்கொண்டு போவது. அதற்கு ஆறிலக்கத் தொகை ஆகும், வேலைக்கும் உத்தரவாதம் கிடையாது. குடும்பச் சேமிப்பு மொத்தத்தையும் இதில் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து கேடட் வழியை முயன்று பாருங்கள். இங்கே சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் தேவைப்படும் காலத்தில் கேடட்களை எடுக்கின்றன. ஆண்கள் முழுநேரத் தேசிய சேவையை முடித்திருக்க வேண்டும். கல்வித் தகுதியும் மற்ற விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தையே பாருங்கள், நண்பனின் நண்பன் சொன்னதை நம்ப வேண்டாம்.

படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் சிலேத்தாரில் இருக்கும் சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1971ல் தொடங்கியது, மாணவர்களுக்கானது. தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் அங்கே தனியார் விமானி உரிமம் வரை போயிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெற்றோர் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று, பட்டயமோ பட்டமோ, எடுத்த படிப்பை முடித்துவிடுங்கள். 2020 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சேவைகளில் 96 விழுக்காட்டைக் குறைத்தது. அதே வருடம் செப்டம்பரில் சுமார் 4,300 வேலையிடங்களைக் குறைக்கப்போவதாக அந்தக் குழுமம் அறிவித்தது. பறக்கும் வேலை இப்படி ஒரே மாதத்தில் நின்றுபோகலாம், அப்போது கையில் இன்னொரு தொழில் இருக்க வேண்டும்.

படி 3: திறனறித் தேர்வு

கணினி முன்னால் உட்கார வைத்து, ஒரு கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துப் புள்ளியை நடுவில் நிறுத்தச் சொல்வார்கள், அதே நேரத்தில் காதில் எண்கள் கேட்கும், திரையின் மூலையில் ஏதாவது விளக்கு எரியும். எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய யாராலும் முடியாது. முக்கியமானது எது என்று பார்த்து, மற்றதை ஒரு கணம் விட்டு, திரும்பவும் பிடிக்கிறீர்களா என்பதுதான் அங்கே தேவை.

மனக்கணக்கைப் பழகுங்கள். ஈசூனிலிருந்து சிட்டி ஹால் வரை எம்ஆர்டியில் போகும் நேரம் இதற்கு நல்ல நேரம், போனைப் பைக்குள் வைத்துவிட்டு மனதுக்குள்ளேயே போடுங்கள். உதாரணமாக, 36,000 அடியில் பறக்கும் விமானம் 3,000 அடிக்கு இறங்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் இறங்க ஆரம்பிப்பது? இறங்க வேண்டிய ஆயிரங்களை மூன்றால் பெருக்குங்கள்: 33 × 3, அதாவது 99 கடல் மைல். தரை வேகம் 420 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது? வேகத்தை ஐந்தால் பெருக்கினால் 2,100. ஓடுபாதை 020 பாகையை நோக்கி இருக்கிறது, காற்று 050லிருந்து 20 நாட் வேகத்தில் வீசுகிறது, பக்கக்காற்று எவ்வளவு? 30 பாகை வித்தியாசத்துக்குக் காற்றின் வேகத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 நாட். விமானிகள் தினமும் போடும் கணக்குகள் இவை.

படி 4: குழுப் பயிற்சி

பல நிறுவனங்களில் ஆறேழு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். அதிகம் பேசுபவருக்கு அதிக மதிப்பெண் என்று நினைக்காதீர்கள். பேசாமல் இருக்கும் ஒருவரிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பதும், கடிகாரத்தைப் பார்த்து "ஐந்து நிமிடம்தான் இருக்கு" என்று சொல்வதும் நல்ல அடையாளங்கள்.

படி 5: நேர்முகத் தேர்வு

நான் தோற்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிரே மூன்று பேர். அதில் ஒரு மூத்த கேப்டன் கேட்டார்: "அனுமதித்த உயரத்துக்குக் கீழே கேப்டன் விமானத்தை இறக்குகிறார். நீங்கள் துணை விமானி. என்ன செய்வீர்கள்?" அவர் அனுபவசாலி, அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று சொன்னேன். அவர் விடவில்லை. "இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்" என்றார். நான் பணிவாக, காத்திருந்து கவனிப்பேன் என்றேன். நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிட்டதாகத்தான் வெளியே வரும்போது நினைத்தேன்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். வீட்டில் அது அழகுதான், ஆனால் விமானி அறையில் அந்த மௌனம் உயிரைக் குடிக்கும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில், கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று ஓடுபாதையில் வேகமெடுத்தபோது பான் ஆம் நிறுவனத்தின் 747 இன்னும் அதே ஓடுபாதையில்தான் இருந்தது. கேஎல்எம் விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்து, அந்த விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் அவர் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கீழே இருப்பவர் பேச வேண்டும், மேலே இருப்பவர் கேட்க வேண்டும் என்பதை ஒரு பாடமாகவே விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு என்ன பதில்? முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்: "கேப்டன், நமக்கு அனுமதி 5,000 அடி, நாம் இப்போது 4,800." பதில் இல்லையென்றால் இன்னும் உறுதியாக, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து மறுபடி சொல்ல வேண்டும். அதற்கும் அசைவில்லை, ஆபத்து நெருங்குகிறது என்றால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். குரலில் மரியாதை குறையக் கூடாது, சொல்வதில் தயக்கம் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வருவதற்குப் பழக்கம் வேண்டும். நான் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழகினேன். அத்தை ஆசிரியராக இருந்தவர், வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வார், நான் அவர் முகத்தைப் பார்த்து, "அத்தை, அது சரியில்லைன்னு நினைக்கிறேன், காரணம் இது" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் வாயே வரவில்லை.

மேலதிகாரியோடு நீங்கள் மாறுபட்ட சமயம் ஒன்றைச் சொல்லுங்கள் என்ற கேள்வியும் வரும். தேசிய சேவையிலிருந்தோ, கல்லூரித் திட்ட வேலையிலிருந்தோ, பகுதிநேர வேலையிலிருந்தோ உண்மையாக நடந்த நான்கைந்து சம்பவங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன நிலைமை, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்று இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பாருங்கள். "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். தோற்ற சம்பவம் ஒன்றும் அதில் இருக்கட்டும்.

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு, விமானம் எப்படி மேலே எழும்புகிறது, அதன் மேல் செயல்படும் நான்கு விசைகள் எவை, ஜெட் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கத் தெரிந்தால் கேடட்டுக்குப் போதும். நிறுவனத்தைப் பற்றியும் படியுங்கள். ஸ்கூட் 2012ல் பறக்கத் தொடங்கியது, 2017ல் டைகர்ஏரோடு இணைந்தது, அது எந்தெந்த விமானங்களை ஓட்டுகிறது என்ற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கேள்வி வந்தால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், ஊகித்துச் சமாளிப்பவரை யாரும் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க விரும்ப மாட்டார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அனைத்துலக விமானங்களை ஓட்ட ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும். உச்சரிப்பு வெள்ளைக்காரர்போல் இருக்க வேண்டியதில்லை, தெளிவாக இருந்தால் போதும். போனில் உங்கள் பதிலைப் பதிவுசெய்து கேளுங்கள், வேகம் தானாகக் குறையும்.

படி 6: வெளியே வந்தவுடன்

வீட்டுக்குப் போகும் ரயிலிலேயே, கேட்ட கேள்விகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் நோட்டில் எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும். கிடைக்கவில்லை என்று மின்னஞ்சல் வந்தால் மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதைப் பார்த்து நாள்காட்டியில் குறித்துவிட்டு, அந்த நோட்டில் எந்தப் பதில் உங்களுக்கே திருப்தி தரவில்லையோ அதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். என் நோட்டில் அது அந்த உயரக் கேள்வி. அக்கா மகனுக்கு அடுத்த வாரம் கண் சோதனை, அதற்கு நானும் கூடப் போகிறேன்.