பனிக்காலத்தில் வாழையைக் காப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

உறைபனி விழுந்த மறுநாள் காலையில் வாழையைப் பார்த்தால் மனசு கலங்கிவிடும். நேற்று வரை பச்சையாக அசைந்துகொண்டிருந்த இலைகள், வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறைய. பிடுங்காதீர்கள். வாழையின் உயிர் இலையில் இல்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் இருக்கிறது. கிழங்கு பிழைத்தால் பக்கக் கன்று வரும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழையைக் குளிர் கொல்வதைவிட, குளிரோடு சேர்ந்த ஈரம் கொல்வதுதான் அதிகம். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஈரத்தைத் தள்ளி வைப்பதற்கான வேலைதான்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வாழை?

குளிர் தாங்கும் வாழை என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூசா பாஸ்ஜூ. தெற்குச் சீனத்தைச் சேர்ந்தது. ஜப்பானில் நாருக்காக வளர்த்ததால் ஜப்பான் நார் வாழை என்றும் சொல்வார்கள். காய்த்தாலும் அதன் பழம் சின்னதாக, விதை மண்டி இருக்கும், சாப்பிட உதவாது. இலையழகுக்காகத்தான் இதை வைக்கிறோம்.

இதன் இலைகள் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதுமே கருக ஆரம்பிக்கும். மூடாமல் விட்ட தண்டு சுமார் மைனஸ் 5 வரை சமாளிக்கும். வைக்கோல், சருகு குவித்த நல்ல மூடாக்குக்குக் கீழே இருக்கும் கிழங்கு மைனஸ் 15-ஐயும் தாண்டி வரும். சிக்கிம் வாழைக்கு இவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. சிவந்த இலை கொண்ட என்செட்டே வகையும், பழத்துக்காக வளர்க்கும் கேவண்டிஷ் போன்றவையும் வெளியே பனிக்காலத்தைக் கழிக்க முடியாதவை. அவற்றைத் தொட்டியோடு உள்ளே கொண்டுபோவதுதான் ஒரே வழி.

கோடை முடியும்போதே தொடங்குங்கள்

கோடையின் கடைசி வாரங்களில் தழைச்சத்து உரத்தை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் உரம் கொடுத்தால் இளசான, தண்ணீர் நிறைந்த மட்டைகள் கிளம்பும். முதலில் உறைவது அவைதான். மழை பெய்யும் இடமென்றால் தண்ணீர் ஊற்றுவதையும் குறைத்துக்கொள்ளலாம்.

புதிதாக நட்ட கன்று முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால், முதல் பனிக்காலத்தில் தொட்டியில் வைத்து உள்ளே வைத்திருந்துவிட்டு, குளிர் முடிந்த பிறகு தரையில் நடுங்கள். கிழங்கு பருக்காத கன்றுக்கு வெளியே தாங்கும் பலம் வந்திருக்காது.

எப்போது வெட்டுவது?

அவசரப்பட்டு இலையைக் கழிக்க வேண்டாம். பச்சை இலை இருக்கும் ஒவ்வொரு நாளும் கிழங்குக்கு உணவு போய்க்கொண்டிருக்கிறது. முதல் லேசான உறைபனி இலைகளைக் கருக்கட்டும், அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு மழையில்லாத, காற்றில் ஈரம் குறைந்த ஒரு நாளைப் பாருங்கள். மைனஸ் 4, 5 என்று கடுங்குளிர் வரும் என வானிலை அறிக்கை சொன்னால் மட்டும் காத்திருக்காமல் வேலையை முடித்துவிடுங்கள்.

கூரான கத்தியால் இலைக்காம்பைத் தண்டை ஒட்டி வெட்டுங்கள். நடுவில் சுருண்டிருக்கும் குருத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது, பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும். தண்டையும் காப்பதா, கிழங்கை மட்டும் காப்பதா? கிழங்கு மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். தண்டை ஒரு முழம் விட்டு வெட்டி, வேரடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவித்து, மேலே மழை இறங்காதபடி ஒரு பலகை வைத்தால் முடிந்தது. அடுத்த கோடையில் கன்றுகள் தரையிலிருந்து கிளம்பும். ஆனால் தண்டு பிழைத்தால் செடி விட்ட உயரத்திலிருந்தே வளர்ச்சியைத் தொடரும். கோடை குறுகலான இடத்தில் வாழைப்பூவைப் பார்க்க ஆசைப்பட்டால் தண்டு பிழைத்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், கொஞ்சம் மெனக்கெட்டுத் தண்டைக் காப்பதுதான் சரி.

கூண்டு கட்டுவது

நாம் தண்டு என்று சொல்வது உண்மையில் தண்டு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிற்கும் இலை மட்டைகள். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது உறைந்தால் உள்ளே இருக்கும் செல்கள் கிழியும், பனி விட்டதும் கூழாகும், அப்புறம் அழுகல் மேலிருந்து கீழே இறங்கும். அதைத் தடுக்கத் தண்டைச் சுற்றி அசையாத, காய்ந்த காற்று இருக்க வேண்டும். வைக்கோல் கொடுப்பது அந்தக் காற்றைத்தான். ஒவ்வொரு தாளும் உள்ளே குழல். நனைந்த வைக்கோலால் பயனில்லை என்பதும் இதனால்தான்.

தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நான்கு மூங்கில் கழிகளை ஆழமாக நடுங்கள். அவற்றைச் சுற்றிக் கோழி வலையைக் கட்டுங்கள். வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் நாலு விரல் புதைத்துவிடுங்கள். சூடான வைக்கோல் கிடைத்தால் எலிகள் அங்கேயே குடித்தனம் நடத்தும், கிழங்கையும் கொறிக்கும்.

உள்ளே காய்ந்த வைக்கோலைப் போட்டு நிரப்புங்கள். காலால் மிதித்து இறுக்காதீர்கள், காற்று வெளியேறிவிடும். கையால் மெதுவாக அமர்த்தினால் போதும். வைக்கோல் இல்லையென்றால் காய்ந்த மரச்சருகு போடலாம், ஆனால் அது சீக்கிரம் அமுங்கும். குருத்துக்கு மேலே ஒரு சாண் உயரமாவது நிரப்பு இருக்கட்டும். கூண்டின் வெளிப்புறத்தைச் சாக்காலோ, செடிக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியாலோ சுற்றுங்கள்.

பிளாஸ்டிக் தாளால் பக்கங்களைச் சுற்றவே கூடாது. நான் முதல் ஆண்டு அதைத்தான் செய்தேன். மழை உள்ளே போகக் கூடாது என்ற எண்ணத்தில் அடி முதல் நுனி வரை பாலித்தீன் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பிரித்துப் பார்த்தபோது தண்டு முழுவதும் வழவழவென்று அழுகி, கை வைத்த இடத்தில் விரல் உள்ளே போனது. குளிர் அதைக் கொல்லவில்லை. தண்டே விட்ட ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கொன்றது. அதிலிருந்து தாளைக் கூரைக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறேன்: உச்சியில் சாய்வாக, பக்கங்களில் கொஞ்சம் வெளியே நீட்டி, காற்று அடித்துப் போகாதபடி கட்டி.

வேரடியை மறக்க வேண்டாம். கூண்டுக்கு வெளியேயும் சுற்றிலும் இரண்டு முழம் அகலத்துக்கு மூடாக்கு பரப்புங்கள். மண்ணே ஒரு நல்ல போர்வை, அதன்மேல் இன்னொன்று போட்டால் உறைவது கிழங்கு வரை இறங்காது.

தொட்டியில் இருந்தால்

தொட்டி எல்லாப் பக்கமும் குளிரை வாங்கும், கிழங்கு சீக்கிரம் உறையும். 5 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் வண்டிக் கொட்டகை, நிலவறை மாதிரி இடத்துக்கு மாற்றுங்கள். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மாதத்துக்கு ஒருமுறை மண் தூசியாகிவிடாத அளவு நனைத்தால் போதும்.

குளிர் நடக்கும்போது

செய்ய அதிகமில்லை. பலத்த காற்றுக்குப் பிறகு கூரையைப் பாருங்கள். நிரப்பு அமுங்கியிருந்தால் மேலே இன்னும் போடுங்கள். கூண்டின்மேல் பனி குவிந்தால் பயப்பட வேண்டாம், பனியும் ஒரு போர்வைதான். உருகி உள்ளே ஒழுகுவதுதான் கெடுதல். இடையில் ஒரு வாரம் வெயில் அடித்தாலும் பிரித்துவிடாதீர்கள்.

பிரிப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். இரவு வெப்பம் தொடர்ந்து 0-க்கு மேலே நிற்க ஆரம்பித்த பிறகு, முதலில் கூரை, சில நாள் கழித்து மேல் நிரப்பு, அப்புறம் மீதி என்று படிப்படியாக எடுங்கள். வெள்ளைத் துணியை மடித்துப் பக்கத்திலேயே வையுங்கள். பின்பனி ஒரு இரவு வந்தாலும் எடுத்துப் போர்த்தலாம்.

தண்டின் உச்சி அழுகியிருந்தால் கூரான கத்தியால் இரண்டு விரற்கடை அளவில் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே கீழே வாருங்கள். பழுப்பு நிறம் போய், கெட்டியான வெள்ளைச் சதை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த வெள்ளையின் நடுவில் ஒரு வட்டம் சில நாளில் மேலே தள்ளிக்கொண்டு வரும். அதுதான் குருத்து. தரை வரை வெட்டியும் வெள்ளை தெரியவில்லை என்றாலும் கிழங்கைத் தோண்டாதீர்கள், கோடை தொடங்கி மண் நன்றாகச் சூடாகும் வரை விடுங்கள். தாய்க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை மண்ணைக் கீறிக்கொண்டு வந்தால், அப்போது உரமும் தாராளமாகத் தண்ணீரும் கொடுக்கத் தொடங்கலாம்.