பழைய மாடல் ரயில் ஓடவில்லையா? கழற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

பழைய மாடல் ரயில் இன்ஜின் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, அதைத் தண்டவாளத்தில் வைத்து கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. ஆசை புரிகிறது, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அது ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் ஓடுவதா டிசி (ஒரே திசை) மின்சாரத்தில் ஓடுவதா என்று முதலில் தெரிய வேண்டும். அமெரிக்க லயனல் கம்பெனியின் பழைய ஓ கேஜ் (பெரிய அளவு) இன்ஜின்களும் ஜெர்மன் மார்க்லின் கம்பெனியின் பழைய ஹெச்ஓ (சிறிய அளவு) இன்ஜின்களும் ஏசிக்காகச் செய்தவை. பிரிட்டிஷ் மாடல்களான ஹார்ன்பி டப்ளோ, ட்ரை-ஆங் எல்லாம் 12 வோல்ட் டிசி. மூன்று தண்டவாளம் இருந்தால் ஏசிதான் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு; 1938-இல் வந்த டப்ளோ மூன்று தண்டவாளத்தில் டிசியில்தான் ஓடியது. நிரந்தரக் காந்தம் வைத்த டிசி மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் அது சுற்றாது, நின்ற இடத்தில் அதிர்ந்து சூடாகும், விட்டால் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கருகிவிடும்.

கூடவே வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை நம்பாதீர்கள். வயரின் ரப்பர் உறை விரலில் தொட்டாலே உதிர்கிறது என்றால் அதை ஒதுக்கிவிட்டு, அதே வோல்டேஜ் தரும் புதியதொன்றை வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பொருள் அது.

சரி, சரியான கரண்ட் கொடுத்தும் ஓடவில்லை. பத்தில் எட்டு இன்ஜின் செத்திருக்காது, அழுக்கேறி இருக்கும், அவ்வளவுதான் என்பது என் அனுபவம். லயனல் இன்ஜின் உறுமிக்கொண்டு அசையாமல் நின்றால் அது பழுதாகக்கூட இருக்காது. அதில் முன்னே, நடுநிலை, பின்னே, மறுபடி நடுநிலை என்று மாறுகிற ஒரு ரிவர்ஸ் சுவிட்ச் உண்டு, கரண்டை ஒருமுறை நிறுத்திக் கொடுத்தால் அடுத்த நிலைக்குப் போகும். இது தெரியாமல் மோட்டாரையே பிரித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்வதைச் சக்கரத்தில் தொடங்குங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சக்கரத்தின் விளிம்பு, கரண்ட் எடுக்கும் தகடு இரண்டையும் துடையுங்கள். அப்புறம் கம்யூட்டேட்டர், அதாவது கார்பன் பிரஷ் உரசுகிற செப்பு வளையம். அதில் மூன்று துண்டு இருந்தால் மூன்று இடைவெளி இருக்கும், அந்த இடைவெளிகளில் கார்பன் தூள் அடைந்துகொண்டு துண்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்துவிடும். பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஸ்டீல் வுல் பக்கமே போகாதீர்கள், அதன் இழைகளைக் காந்தம் இழுத்து மோட்டாருக்குள் வைத்துக்கொள்ளும். இறுகிப்போன பழைய கிரீஸை முழுக்க வழித்தெடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அச்சு சுற்றும் இடங்களில் மட்டும் வையுங்கள். ஒரு சொட்டுகூட அதிகம்தான். எண்ணெய் கம்யூட்டேட்டருக்குப் போனால் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு இடையே மின்தடையை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுற்றும் பகுதி, அதில் இருக்கும் காயில் போய்விட்டது. ட்ரை-ஆங்கின் எக்ஸ்04 மோட்டாரில் பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு கைக்கு மட்டும் சின்ன உறை போட்டிருப்பார்கள். யாரோ எப்போதோ கழற்றியபோது அந்த உறை தொலைந்திருந்தால் மோட்டார் ஷார்ட் ஆகும், பார்க்கிறவர் காயில்தான் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டுவார். ஒரு மெல்லிய வயரின் உறையை வெட்டி மாட்டினால் வேலை முடிந்தது.

இனி, நான் செய்த முட்டாள்தனம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மோட்டாரை இன்னும் நன்றாகத் துடைக்கலாமே என்று ஆர்மேச்சரை வெளியே எடுத்தேன். அந்தக் காலக் காந்தங்களுக்கு நடுவில் இரும்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும், எடுத்தால் பலம் குறைந்துவிடும். திரும்ப மாட்டியதும் தனியாக வேகமாகச் சுற்றியது, ஆனால் இரண்டு பெட்டி கோர்த்தவுடன் திணறிச் சூடாகியது. ஆர்மேச்சரை எடுத்தே ஆக வேண்டும் என்றால் காந்தத்தின் இரு முனைகளையும் இணைக்கிற மாதிரி ஓர் இரும்புத் துண்டை ஒட்ட வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள். ஏற்கெனவே பலம் போனதற்கு நியோடிமியம் காந்தம் வைத்துச் சரிசெய்யலாம்.

நீராவி இன்ஜினின் சக்கரத்தையும் தேவையில்லாமல் பிடுங்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தின் கிராங்க் முளைக்கும் (சக்கரங்களை இணைக்கும் தண்டு மாட்டுகிற முளை) மறுபக்கத்து முளைக்கும் 90 டிகிரி வித்தியாசம் இருக்கும், எல்லா அச்சிலும் அது ஒரே அளவில் இருந்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கும்.

பாகம் தேடும்போது பெரும்பாலோர் இன்ஜினின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். மோட்டாரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே எக்ஸ்04 எத்தனையோ இன்ஜின்களுக்குள் இருக்கிறது, எதற்குச் செய்த பிரஷ் என்றாலும் பொருந்தும். கம்பெனிகளின் கதை தெரிந்திருப்பதும் உதவும். 1964-இல் டப்ளோவைச் செய்துவந்த மெக்கானோ கம்பெனியை ட்ரை-ஆங் குழுமம் வாங்கியது, டப்ளோவின் பாகங்களை வார்க்கும் அச்சுகள் பிறகு ரென் கம்பெனிக்குப் போயின, அதனால் டப்ளோவுக்கு வேண்டிய பல பாகங்கள் ரென் பெயரில் கிடைக்கும். கம்பெனி வெளியிட்ட பழுதுபார்ப்புத் தாளான சர்வீஸ் ஷீட்டில் பாகங்களைப் பிரித்து வரைந்த படமும் எண்ணும் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் விற்பவருக்கும் குழப்பமில்லை. உடைந்த இன்ஜின்களைப் பாகத்துக்காகவே விற்பார்கள். மேல் கூடு நொறுங்கி மோட்டார் நன்றாக இருப்பதைப் பாருங்கள், பல நேரம் தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு.

சில பாகங்களுக்கு அசல் தேவையே இல்லை. சக்கரத்தில் மாட்டும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் காலிப்பரில் அளந்து, அகலம் பொருந்துகிற, விட்டத்தில் மட்டும் சற்றுச் சின்னதான வளையத்தை வாங்கினால் போதும். ஸ்க்ரூவில்தான் ஏமாறுவோம். பழைய பிரிட்டிஷ் மாடல்களில் இருப்பது பிஏ என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு மரை. 6பிஏ ஸ்க்ரூவின் விட்டம் 2.8 மில்லிமீட்டர், பார்க்க இப்போதைய 3 மில்லிமீட்டர் எம்3 ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், அதன் துளையில் எம்3-ஐ அழுத்தித் திருகினால் வார்ப்பு உலோகத்தின் மரை போய்விடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புப் பாகங்களில் வெடிப்பும் உப்பலும் தெரிந்தால் அது துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் வந்த நோய். ஒட்டியும் பயனில்லை, பசை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். மறு தயாரிப்புச் சக்கரமோ முப்பரிமாண அச்சில் (3டி பிரின்ட்) எடுத்த பாகமோதான் வழி, வாங்குவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கி இந்த வெடிப்பைத் தேடுங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் அப்படியே விடுங்கள், சேகரிப்பவர்கள் புதுப் பூச்சைவிடப் பழைய கீறலைத்தான் விரும்புகிறார்கள்.

புது பிரஷ் போட்டதும் உடனே பெட்டிகளைக் கோர்க்காமல், இன்ஜினை மட்டும் பாதி வேகத்தில் ஒரு பக்கம் அரை மணி, மறுபக்கம் அரை மணி ஓட விடுங்கள். பிரஷ் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து உட்கார அவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் லேசான தீப்பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம்.