கரண்ட் போனாலும் குழம்பாத லாகர்: ரீடிங்கும் மெட்டாடேட்டாவும் ஒரே 16 பைட்டில்

கடலூர் முதுநகர் பக்கத்து ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவு செய்யும் போர்டு (லாகர்) என்று வைத்துக்கொள்வோம். வெறும் எண்களை அடுக்கிக்கொண்டே போனால், கரண்ட் போய் வந்தபின் எது எப்போது எடுத்தது, எது பாதியில் நின்றது என்று தெரியாது. ரீடிங்கைப் பற்றிய நேரத்தையும் நிலையையும் (மெட்டாடேட்டா) தனி இடத்தில் வைப்பது இன்னும் மோசம். ஒன்று எழுதி முடிந்திருக்கும், மற்றது விட்டுப்போயிருக்கும். ரீடிங், மெட்டாடேட்டா இரண்டையும் ஒரே கட்டத்தில் (ரெக்கார்டில்) போடுங்கள்.

சிப் டபிள்யூ25க்யூ32, 4 எம்பி நார் ஃபிளாஷ், அதாவது கரண்ட் போனாலும் எழுதியதை வைத்திருக்கும் மெமரி. பேஜ் (ஒரே தடவையில் எழுதக்கூடிய அளவு) 256 பைட், செக்டர் 4096 பைட், மொத்தம் 1024 செக்டர். அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும். எழுதும்போது 1-ஐ 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க முழு செக்டரையும் அழித்தாக வேண்டும்.

ரெக்கார்டு 16 பைட் இருக்கட்டும். 20 பைட் வைத்தால் பதின்மூன்றாவது ரெக்கார்டு பேஜ் எல்லையைத் தாண்டும். சிப் அடுத்த பேஜுக்குப் போகாது. அதே பேஜின் தொடக்கத்துக்குத் திரும்பி முதல் ரெக்கார்டைக் கெடுத்துவிடும்.

கட்டத்தின் அமைப்பு:
- நிலை: 1 பைட்
- சென்சார் கோளாறு: 1 பைட், சேனலுக்கு (சென்சாருக்கு) ஒரு பிட்
- நேரம்: 2 பைட், செக்டர் தொடங்கியதிலிருந்து வினாடிகள்
- ரீடிங்: 10 பைட், ஐந்து சேனல் (-8.25 டிகிரி என்றால் -825)
- சிஆர்சி (தகவல் கெட்டிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்): 2 பைட், நிலை பைட்டைச் சேர்க்காமல்

தேதியோடு முழு நேரத்துக்கு 4 பைட் வேண்டும். அதைச் செக்டரின் முதல் 16 பைட்டில், தலைப்பில், ஒரே ஒரு தடவை எழுதுங்கள். கூடவே அடையாள எண், வரிசை எண், தலைப்புக்கென்று ஒரு சிஆர்சி. மீதி 255 கட்டம், அதாவது 4 மணி 15 நிமிடம். மொத்த சிப்பும் சுமார் 181 நாள் தாங்கும். 2 பைட்டில் 65,535 வினாடிதான் அடங்கும், 18 மணி நேரத்துக்குச் சற்று மேல். 2011-இல் தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. இடைவெளி அதற்கு மேல் போனால் பாதி செக்டர் வீணானாலும் புதுச் செக்டர் தொடங்குங்கள்.

எழுதும் வரிசைதான் உயிர். முதலில் நிலையை 255-இலிருந்து 254 ஆக்குங்கள்: கட்டம் பிடித்தாயிற்று. அடுத்து மற்ற 15 பைட். கடைசியாக 252: முடிந்தது. சர்வருக்கு அனுப்பியபின் 248. ஒவ்வொரு நிலை மாற்றத்திலும் ஒரு பிட் மட்டும் 0 ஆவதால் அழிக்கும் வேலையே இல்லை. எழுதும் ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாக 06 கட்டளை (எழுத அனுமதி) வேண்டும். ஒவ்வொரு தடவை எழுதி முடிந்ததும் அந்த அனுமதி தானாக அணைந்துவிடும். இதை மறந்தால் சிப் பிழை எதுவும் காட்டாது, சும்மா எழுதாமல் விட்டுவிடும்.

ஒரு தடவை எழுத அதிகபட்சம் 3 மில்லிசெகண்ட், 252 வரையிலான மூன்றுக்கு 9. கரண்ட் போனாலும் அதுவரை ஒரு கெபாசிட்டர் தாங்க வேண்டும். கன்ட்ரோலரும் சேர்த்து 45 மில்லிஆம்ப் இழுத்தால், 3.3 வோல்ட்டிலிருந்து 2.7-க்கு இறங்கும்வரை தாங்க 675 மைக்ரோஃபாரட் ஆகிறது, 1000 போடுங்கள். ஆனால் செக்டர் அழிக்க 400 மில்லிசெகண்ட் வரை ஆகலாம், அதற்குக் கெபாசிட்டர் போதாது. நடுவில் நின்ற அழிப்பு படிக்கும்போது சுத்தமாகத் தெரியலாம், ஆனால் பிட்டுகள் உறுதியாக இருக்காது. ஆகவே தலைப்பு சரியில்லாத செக்டர் காலியாகத் தெரிந்தாலும் மறுபடி அழித்த பிறகே பயன்படுத்துங்கள்.

போர்டு கிளம்பும்போது 1024 தலைப்பையும் படித்தால் 8 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 மில்லிசெகண்ட். பெரிய வரிசை எண் கொண்டதே நடப்புச் செக்டர். அதற்குள் நிலை 255 ஆக உள்ள முதல் கட்டத்தைப் பாதிப்பாதியாகத் தேடினால் எட்டு வாசிப்பில் கிடைத்துவிடும். 254-இல் நிற்கும் கட்டத்தைத் தாண்டிப் போங்கள், திருத்த முயல வேண்டாம்.

கோளாறை ரீடிங்குக்குள் ஒளிக்காதீர்கள். டிஎஸ்18பி20 சென்சார் கரண்ட் வந்ததும் முதலில் 85 டிகிரி என்று சொல்லும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் அது சராசரியையே கெடுக்கும். எண் அப்படியே இருக்கட்டும், அந்தச் சேனலின் கோளாறு பிட்டை மட்டும் தட்டிவிடுங்கள்.

இதே முறையை எஸ்டிஎம்32எல்4 மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஃபிளாஷில் அப்படியே போட்டால் வேலைக்காகாது. அங்கே 8 பைட்டுக்கு ஒரு ஈசிசி (பிழை திருத்தும் குறியீடு) உண்டு. ஒரு தடவை எழுதிய 8 பைட்டில் மறுபடி ஒரு பிட்டை மட்டும் மாற்ற முடியாது. அங்கே ஒவ்வொரு நிலைக்கும் தனி 8 பைட் ஒதுக்க வேண்டும்.