கேனிலிருந்து ஜெனரேட்டருக்குப் பெட்ரோலைச் சிந்தாமல் மாற்றும் முறை

மின்தடைக்கென்று 20 லிட்டர் கேனில் சேமித்திருந்த பெட்ரோலை ஜெனரேட்டரின் டேங்கிற்கு மாற்றியபோது நான் ஒரு முறை தரையில் சிந்திவிட்டேன். அருகில் நெருப்பு எதுவும் இல்லாததால் மட்டுமே அன்று விபத்து நேரவில்லை. அதன் பிறகு நான் பின்பற்றிவரும் முறையை இங்கே விளக்குகிறேன்.

குழாயை வாயால் உறிஞ்சி ஓட்டத்தைத் தொடங்கும் பழக்கத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும். சிறிதளவு பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் சென்றாலே கடுமையான அழற்சி உண்டாகும். விழுங்கியவரை வாந்தி எடுக்கவைத்தால் மேலே ஏறிவரும் பெட்ரோல் நுரையீரலுக்குள் புகக்கூடும் என்பதால், அவ்வாறு செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நான் பயன்படுத்துவது, ஒரு முனையில் பித்தளை வால்வும் அதனுள் சிறு குண்டும் உள்ள, குலுக்கி இயக்கும் சைபன் குழாய் (உயரத்தில் உள்ள திரவத்தைத் தானாகக் கீழே இறக்கும் குழாய்). குழாய் ஒளி ஊடுருவக்கூடியதாக இருந்தால் உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பெட்ரோலுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே குறிப்பிடாத பேட்டரி பம்பை, அதன் மோட்டாரில் தீப்பொறி எழக்கூடும் என்பதால், நான் தொடுவதே இல்லை.

முதலில் இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் நன்கு ஆறும்வரை காத்திருங்கள். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். உறைநிலைக்கு 40 டிகிரி கீழான குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு பரவிச் சென்று சற்றுத் தொலைவில் எரியும் அடுப்பையும் எட்டிவிடும்.

அடுத்து, பெரிய கேனை உறுதியான மேடை மீதும், காலியான 5 லிட்டர் கேனைத் தரையிலும் வையுங்கள். நிலைமின்சாரம் தேங்கக்கூடும் என்பதால், நிரப்பப்படும் கேன் வண்டியின் மீதோ பிளாஸ்டிக் விரிப்பின் மீதோ இருக்கக் கூடாது. குழாயின் கீழ்முனை சிறிய கேனின் அடிவரை இறங்கியிருந்தால் பெட்ரோல் தெறிக்காது. வால்வு உள்ள முனையைப் பெரிய கேனில் அமிழ்த்தி, மேலும் கீழுமாக விரைவாகக் குலுக்கினால் சில நொடிகளில் ஓட்டம் தொடங்கிவிடும்.

நான் தவறியது ஓட்டத்தை நிறுத்துவதில்தான். டேங்க் நிரம்பப்போகிறது என்று கண்டதும் கீழ்முனையை வெளியே இழுத்தேன். சைபன் நிற்காமல் தரையில் கொட்டியது. மேல்முனையைத் திரவத்திலிருந்து தூக்கி, காற்று உள்ளே புக விட்டால் ஓட்டம் நிற்கும். அப்போதும் குழாயில் எஞ்சியிருப்பது முழுவதும் கீழே இறங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் ஏறத்தாழ கால் லிட்டர் தங்கியிருக்கும். ஆகவே, நிறுத்த நினைக்கும் அளவுக்குக் கால் லிட்டர் முன்னதாகவே மேல்முனையைத் தூக்குங்கள். சிறிய டேங்கில் அந்தக் கால் லிட்டரே வழிந்தோடப் போதுமானது என்பதால்தான், நேராக டேங்கில் விடாமல் சிறிய கேனுக்கு மாற்றி, பிறகு வலையுள்ள புனல் வழியாக ஊற்றுகிறேன்.

கேனையும் டேங்கையும் விளிம்புவரை நிரப்ப வேண்டாம். வெப்பம் 20 டிகிரி கூடினால் 20 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் விரிவடையும்.

குடிநீரை மாற்றுவதற்குத் தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை பெட்ரோல் பட்ட குழாயை எத்தனை முறை கழுவினாலும் அதைக் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது.

நீண்ட நாள் ஜெனரேட்டரை இயக்கப்போவதில்லை என்றால், எரிபொருள் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை வெளியில் ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தேங்கும் பழைய பெட்ரோல் பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், எவ்வளவு குலுக்கியும் ஓட்டம் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய கேனில் திரவம் மிகக் குறைவாக இருந்ததால் வால்வு முழுமையாக அமிழவில்லை. கேனைச் சற்றுச் சாய்த்து வைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொருவருக்குப் புதுக் குழாயின் சுருள் நிமிராமல், கீழ்முனை கேனிலிருந்து வெளியே எழும்பியிருக்கிறது. குலுக்கத் தொடங்கும் முன்பே அந்த முனையைக் கேனின் வாயோடு கவ்வியால் இறுக்கிவிடுங்கள்.